தகடு சொன்ன எடை

"அறுபது. அறுபது கிலோ. அதுக்கு மேல ஒரு குண்டுமணி கூட—"

"நான் எங்க உன்னைச் சொன்னேன், தகடு சொல்லு—"

"தகடு சொல்லுதாம். இத்தனை வருஷம் வாயில்லாம கிடந்த தகடு, நீங்க கணக்குப் போட ஆரம்பிச்சதும் பேசுதா?"

"ஆடாதே. ஊசி ஆடுது."

"நூத்தைம்பது கிலோ ஆளுன்னு சொல்லிட்டு ஆடாதேன்னா எப்படி அண்ணி? கோபத்துல ஆடத்தான் செய்யும்."

மேலே நின்று சத்தம் போட்டவள் நாத்தனார். கீழே, தரையில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்திருந்தவள் அண்ணி. இருவருக்கும் நடுவில் ஒரு வட்டமான எஃகுத் தகடு, சின்ன சாப்பாட்டு மேசையின் பலகை அளவுக்கு, இரும்புச் சட்டத்தின் மேல் மத்தளம் போல உட்கார்ந்திருந்தது. தகட்டின் அடிவயிற்றில், சரியாக நடுவில், ஒரு சின்ன கடிகாரம் மாதிரி டயல் கேஜ் முட்டிக்கொண்டிருந்தது. மேலே ஆள் ஏறி நின்றால் தகடு எவ்வளவு தாழ்கிறது என்று அதன் ஊசி காட்டும். அண்ணியின் கணக்குப்படி அறுபது கிலோவுக்கு அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் எட்டு பங்கு தாழ வேண்டும். ஊசியோ இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிப் போய் நின்றது.

அங்கேதான் அண்ணி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மனதுக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டு, இவ்வளவு தாழ வேண்டுமானால் மேலே நூற்றைம்பது கிலோவுக்குமேல் நிற்க வேண்டுமே என்று உரக்கச் சொல்லிவிட்டாள். உரக்கச் சொல்லக் கூடாதவற்றை உரக்கச் சொல்வது அவளுக்குக் கூடப்பிறந்த குணம். பட்டறையில் எல்லோரும் அவளைக் கணக்கு அண்ணி என்றார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அது குடும்பப் பட்டறை. தொட்டிகளுக்கு மூடி, புகைக்கூண்டுகளுக்குத் தொப்பி, இன்னும் வட்டமாக எது வேண்டுமானாலும் செய்வார்கள். நடத்துகிறவள் நாத்தனார். அப்பா கண்ணை மூடியபோது அண்ணன் பின்வாங்கிக்கொள்ள, இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அன்றிலிருந்து பட்டறை அவள் பேச்சைக் கேட்கிறது. அண்ணி பொறியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவள். வந்த இடத்தில் பில் போட ஆள் இல்லை என்று பில் மேசையில் உட்கார வைத்தார்கள், தற்காலிகமாகத்தான் என்றார்கள். தற்காலிகம் வளர்ந்து வளர்ந்து, அவளுடைய மூத்த மகன் மீசை வைக்கும் வயது வரை வந்துவிட்டது.

அப்போதுதான் பூங்காக்காரம்மா வந்தாள். நகராட்சியில் பூங்காக்களைக் கவனிக்கிற அதிகாரி. பட்டறையில் யாருக்கும் அவள் பேர் நிற்கவில்லை, பூங்காக்காரம்மா என்றே ஆகிவிட்டது. குழந்தைகள் விளையாடும் மூலையில் ஏழு வட்டத் தகடுகளைத் தரையோடு தரையாகப் பதிக்க வேண்டும், குழந்தை ஏறிக் குதித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்தில் பாட வேண்டும் என்றாள். நாத்தனார் தொட்டி மூடிக்குப் போடுகிற தடித் தகட்டைக் காட்டி, இதில் யானை ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமையாகச் சொன்னாள். பில் மேசையிலிருந்து ஒரு குரல், ஒன்றும் ஆகாது என்பதுதானே பிரச்சினை, குழந்தை குதித்தாலும் ஒன்றும் ஆகாதே என்றது.

அந்த ஒரு வாக்கியம்தான் இத்தனைக்கும் காரணம். அண்ணி விளக்கினாள். தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். நாலு வயதுக் குழந்தைக்கு அது நடைபாதைக் கல். தகடு பாட வேண்டுமானால் முதலில் வளைய வேண்டும். குதிக்கிற குழந்தை கொண்டுவருகிற சக்தியைத் தகடு வளைந்து உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் அதற்குத் திரிபு ஆற்றல் என்று பெயர். வாங்கியதைத் தகடு உடனே திருப்பித் தரும். தரும்போதுதான் குரல் எழும். எவ்வளவு வாங்கலாம், எவ்வளவுக்கு மேல் வாங்கினால் நெளிந்து போகும் என்பதுதான் கணக்கு.

திரிபு என்ற சொல்லே நாத்தனாருக்குச் சந்தேகமாக இருந்தது. திரித்துச் சொல்கிற கணக்கா என்று கேட்டாள். பிறகு, நிற்கிற எடையையும் தாழ்கிற தூரத்தையும் பெருக்கி ஏன் பாதியாக்குகிறீர்கள், மீதிப் பாதி எங்கே போயிற்று என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் துளைத்தாள். அண்ணி சோபா மெத்தையைக் கையால் அழுத்திக் காட்டி, தொடும்போது எதிர்ப்பு சுழியம், அடிக்குப் போகும்போதுதான் முழு எதிர்ப்பு, வழி நெடுக சராசரி பாதி என்று சொன்னாள். நாத்தனாரும் அழுத்திப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், கடைசியில் மெத்தை அமுங்கியே போனது. சரி, பாதியை விட்டுவிடுகிறேன் என்றாள், ஏதோ தன் கையிலிருந்து தள்ளுபடி தருகிறவள் போல.

பிறகு ஒப்பந்தம். மெல்லிய தகட்டில் ஒன்றே ஒன்று செய்து பார்ப்பது. அண்ணியின் கணக்கும் டயல் கேஜின் ஊசியும் ஒத்துப்போனால் ஏழும் மெல்லியதாகவே போகும், ஜன்னலோரம் புதிதாகப் போட்ட வரைபட மேசை அண்ணிக்கே. ஒத்துப்போகாவிட்டால் தடித் தகடு. வரைபட மேசை பரணுக்கு, அண்ணி பில் மேசைக்கு. நாத்தனார் சொன்னால் சொன்னதுதான். மாற மாட்டாள், இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. அதுதான் அண்ணிக்குத் தெம்பும் பயமும்.

இன்று மதியம் பூங்காக்காரம்மா வருகிறாள். காலை வெயில் ஏறிவிட்டது. ஊசி இரண்டுக்கு மேல் நிற்கிறது.

அண்ணி சட்டத்தின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். முதுகெல்லாம் அட்டைத் தூசி. முதலில் எடையை உறுதி செய்துகொள்வோம் என்று மெல்லச் சொன்னாள். நாத்தனார் மூக்கு விடைத்தது. ஆனால் வாசலில் சிப்பம் நிறுக்கும் தராசு இருந்தது, மறுத்தால் பயந்துவிட்டதாக ஆகிவிடும். செருப்பைக் கழற்றினாள், வளையல்களைக் கழற்றினாள், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அண்ணியிடம் தந்தாள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அறுபத்து மூன்று.

இது மூட்டை நிறுக்கிற தராசு, ஆளை நிறுக்க ஆகாது என்று சொல்லிவிட்டு இறங்கியவள், வளையல்களை மாட்டி, சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டே கட்சியை மாற்றினாள். மூணு கிலோ கூட இருக்கட்டும், அதுக்கு ஊசி இரண்டரை மடங்கா ஓடும்? ஆக, தப்பு என் உடம்பில் இல்லை, உங்கள் கணக்கில். எடுங்க அந்தக் காகிதத்தை.

வரைபட மேசையில் காகிதம் விரித்தே இருந்தது. நாத்தனார் படிக்கத் தெரிந்தவள்தான். கணக்கின் அர்த்தம் புரியாவிட்டாலும் கணக்கின் முகம் தெரியும். ஒரே ஒரு இடத்தில் அவள் விரல் போய் நின்றது. நீளமான வரி ஒன்று. அதன் பின்பாதியில் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தது.

"இதென்ன, பாதி வரியை அடிச்சு வச்சிருக்கீங்க?"

"அது சுழியம். கூட்டிப் பார்த்தா ஒண்ணுமில்லாம போயிடும்."

"இவ்வளவு நீள வரி ஒண்ணுமில்லாம போயிடுமா? சோறு வடிக்கிறப்போ தண்ணியைக் கொட்டுற மாதிரி கொட்டிட்டீங்களே."

அண்ணி ஒரு வெற்றுத் தாளை எடுத்து, விரல்களால் நடுவை அழுத்திக் காட்டினாள். ஓரத்தை இறுகப் பிடித்த தகட்டை நடுவில் அழுத்தினால், நடு கிண்ணம் போலக் குழியும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வளைவு. ஆனால் ஓரத்துக்குப் பக்கத்தில் அப்படி இல்லை. பிடித்த இடத்தில் தகடு படுக்கையாகத்தான் இருந்தாக வேண்டும், அதனால் அங்கே வளைவு ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக, குதிரைச் சேணம் போல ஆகிவிடும். கிண்ணத்தின் கணக்கும் சேணத்தின் கணக்கும் நேர் எதிர். வட்டம் முழுக்கக் கூட்டினால் ஒன்றையொன்று அப்படியே கழித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பாதி வரியை அடித்தது.

நாத்தனார் பொறுமையாகக் கேட்டாள். கிண்ணம் புரிகிறது, சேணம் புரிகிறது, ஆனால் அடித்தது புரியவில்லை என்றாள். எனக்கு என்னவோ வினை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பூங்காக்காரம்மா முன்னால் ஊசி இரண்டைக் காட்டினால் மானம் கப்பலேறிவிடும் என்றாள். போன் எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். கிடங்கிலிருந்து தடித் தகடு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். பேசி முடித்து வைத்துவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், சொன்னது சொன்னதுதான் அண்ணி என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவள் குரலைத் தாழ்த்தியதுதான் அண்ணிக்குச் சுரீரென்றது. சத்தம் போட்டிருந்தால் திருப்பிச் சத்தம் போட்டிருக்கலாம்.

சற்று நேரத்தில் அண்ணியின் போனுக்கு ஒரு அழைப்பு. கணவன். அந்த மனிதனின் நிலைமைதான் உண்மையில் ஓரமெல்லாம் இறுக்கிப் பிடிக்கப்பட்ட நிலைமை. ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தங்கை, நடுவில் அசைய வழியில்லை. யார் பக்கமும் பேசக் கூடாது என்பது அவனுடைய வாழ்க்கைத் தத்துவம். தடித் தகடு எடுக்கக் கிளம்பிவிட்டேன், ஆனால் வண்டி கொஞ்சம் இழுக்கிறது, மெதுவாகத்தான் வருவேன் என்றான். வண்டிக்கு என்ன என்று கேட்டாள். வண்டிக்கு ஒன்றுமில்லை, மெதுவாகத்தான் வருவேன் என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடக் குடித்தனத்தில் அவன் எடுத்த மிகத் துணிச்சலான நிலைப்பாடு அதுதான்.

தாளை இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து போட்டாள். விட்டம் சரி. தடிமன் சரி. எஃகின் விறைப்பு எண் சரி. விடை அதே பத்தில் எட்டு. அறுபத்து மூன்றுக்குக் கொஞ்சம் கூட.

பிழைகளுக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பது அவள் அனுபவம். விடை பத்து மடங்கு தவறினால், புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். நாலு மடங்கு என்றால், ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருக்கிறோம். இரண்டு மடங்கு என்றால் அந்தப் பாதியை மறந்திருக்கிறோம். ஊசி காட்டியதைத் தன் விடையால் வகுத்துப் பார்த்தாள். இரண்டரை, அதற்குமேல் ஒரு பிசிறு. இந்த இரண்டரை எந்த வீட்டுப் பிள்ளை? தெரிந்த பிழை எதற்கும் சொந்தமில்லை. பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். அப்புறம், நாத்தனார் விரல் நின்ற இடத்தில் தன் விரலையும் வைத்துப் பார்த்தாள்.

அடித்தது ஏன்? ஓரம் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால். பிடிக்கப்படாவிட்டால்?

ஓரம் வெறுமனே உட்கார்ந்திருக்கிற தகட்டுக்குச் சேணம் பேருக்குத்தான். விளிம்பு தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். தகட்டின் பெரும்பகுதி கிண்ணம்தான். அப்போது கிண்ணத்தை முழுக்கக் கழிக்க எதுவும் இல்லை, அந்தப் பாதி வரி உயிரோடு எழுந்து நிற்கும். அடித்ததைத் திருப்பிச் சேர்த்துப் போட்டாள். கடைசியில் மூன்று புள்ளி மூன்றை ஒன்று புள்ளி மூன்றால் வகுக்க வேண்டி வந்தது. வகுத்தாள். இரண்டரை, அதற்குமேல் ஒரு பிசிறு.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. வாசல் பக்கம் நின்றிருந்த நாத்தனாரிடம், நீ விரல் வைத்த இடம் சரிதான், ஆனால் கோளாறு காகிதத்தில் இல்லை, சட்டத்தில் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். தகடு அங்கே பிடிக்கப்படாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. தோற்கிற நேரத்தில் ஆளாளுக்குப் பழியை அடுத்தவர் மேல் போடுவது வழக்கம்தான், அதற்காகச் சித்தப்பாவின் கைவேலையிலா குற்றம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே கூடவே நடந்தாள்.

சித்தப்பா என்றது அவளுடைய அப்பாவின் தம்பியை. அண்ணிக்கு அவர் சின்ன மாமா. கடைசல் எந்திரம் அவருடைய ராஜ்ஜியம். தகட்டை மேலிருந்து அமுக்கிப் பிடிக்க வேண்டிய எஃகு வளையத்தைக் கடைந்ததும், அதைச் சட்டத்தில் பொருத்தியதும் அவர்தான். அவர் கடைந்ததில் குறை சொன்னவர்கள் இல்லை; சொன்னவர்கள் இரண்டாம் முறை அந்தப் பக்கம் வந்ததில்லை. பொருத்தி முடித்த பிறகு காலையில் அண்ணி மாடிப்படியில் நின்று, எந்திரச் சத்தத்துக்கு மேலே, விளிம்பைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டி, திருப்தியாகத்தான் பதில் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நாத்தனாரை மேலே ஏற்றியதே.

சின்ன மாமா எந்திரத்தை நிறுத்திவிட்டுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி கேள்வியை அதே மாதிரி, சொல் மாறாமல் கேட்டாள்.

"மாமா, விளிம்பு நல்லாப் பிடிச்சிருக்கா?"

"காலையிலயே சொன்னேனேம்மா. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"உங்களுக்கா?"

"பின்னே? உனக்குப் பிடிக்கலையா?" அவர் முகம் சுருங்கிற்று. "கண்ணாடி மாதிரி தேய்ச்சு வச்சிருக்கேன். நேத்துப் பூரா அதே வேலை. முகம் பார்த்துப் பொட்டு வச்சுக்கலாம்."

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சித்தப்பா," நாத்தனார் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள், "போல்ட்டை எல்லாம் முறுக்கினீங்களா?"

முறுக்குவதா என்றார் அவர். கையால் திருகி நிறுத்தியிருக்கிறேன், பார்வைக்கு. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் நட்டு வளையத்தைச் சுரண்டாதா? அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் அது என்ன வளையம்? பூங்காக்காரம்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு முறுக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீதானேம்மா கேட்டாய், விளிம்பு பிடிச்சிருக்கா என்று? பிடிக்காதவன் மாதிரியா பதில் சொன்னேன்?

நாத்தனாருக்கு முதலில் தோள் குலுங்கிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்திரத்தின் மேல் சாய்ந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்கிற கேள்வியைப் போல்ட்டைப் பார்த்துக் கேட்டால் இப்படித்தான் ஆகும் அண்ணி என்று சொல்ல முயன்று, பாதியில் மறுபடியும் சிரிப்பில் விழுந்தாள். அண்ணி சிரிக்கவில்லை, அவளுக்கு நேரம் இல்லை. இறுக்கியிருக்கா என்று கேட்டிருக்க வேண்டும், அப்படிக் கேட்டது என் தப்பு என்றாள். இப்போது ஸ்பேனரை எடுங்க மாமா.

எடுக்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசல்காரர்களுக்கு அவர்கள் கடைந்தது பெற்ற பிள்ளை; பிள்ளை முகத்தில் கீறல் போட எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? நாத்தனார் கெஞ்சினாள், அதட்டினாள், பட்டறை யார் பேரில் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினாள். தூக்கி வளர்த்த பெண் அதட்டினால் சித்தப்பாவுக்கு ஏறுமா? அவர் கூரையைப் பார்த்தார்.

அண்ணி வளையத்தின் பக்கம் குனிந்தாள். கையால் திருகிய நட்டுகள் கையாலேயே கழன்று வந்தன. வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள். தேய்த்த பக்கம் மேலே இருந்தது; தகட்டைத் தொடுகிற அடிப்பக்கம் கடைசல் கோடுகளோடு சாதாரணமாகத்தான் இருந்தது.

"மாமா, இதைத் தலைகீழாப் போடணும். பளபளப்பு அடியில வரணும்."

"அடியில வச்சா யாருக்கும்மா தெரியும்?"

"தகட்டுக்குத் தெரியும். இவ்வளவு சமமாத் தேய்ச்ச முகம் உட்கார்ந்தாத்தான் இண்டு இடுக்கு இல்லாம உடும்புப்பிடியா கவ்வும். மேல இருக்கிற பக்கத்தை நட்டு சுரண்டினா சுரண்டட்டும், அது முதுகுதானே."

அவர் அதை வாயில் போட்டு மென்று பார்த்தார். முதுகில் கீறல் விழுவதற்கு அவருக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. அதோடு, தன்னுடைய தேய்ப்புக்கு அழகைத் தவிர வேறொரு காரியமும் உண்டு என்று கேட்டதில் மீசை ஓரம் கொஞ்சம் எழுந்தது. நான் அதற்காகத்தான் தேய்த்தேன் என்றார். யாரும் மறுக்கவில்லை.

வளையத்தைப் புரட்டிப் போட்டார்கள். சின்ன மாமா ஸ்பேனரோடு இறங்கினால் அப்புறம் யாரும் குறுக்கே பேசக் கூடாது. வரிசையாக முறுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று, ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே, அப்புறம் இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம் என்று சுற்றிச் சுற்றி வந்தார். முதல் சுற்று லேசாக, அடுத்த சுற்று அழுத்தி. கடைசிச் சுற்றில் ஸ்பேனரில் தொங்கவே செய்தார். ஒவ்வொரு நட்டும் கிறீச்சிட்டபோது அவர் பல்லைக் கடித்தது எந்திரத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் கதவு சாத்துகிற ஓசை. பூங்காக்காரம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். சிவப்புக் காலணி, கையில் கோப்பு, முகத்தில் இன்னும் பல இடங்களுக்குப் போக வேண்டியவளின் அவசரம். நாத்தனார் ஓடிப் போய் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், இப்போதுதான் கடைசிச் சோதனை, நீங்களே பார்க்கலாம் என்று இனிக்க இனிக்கப் பேசினாள். பேசிக்கொண்டே அண்ணியைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள்: என்ன செய்ய? தடித் தகடு இன்னும் வந்து சேரவில்லை. அண்ணி பதிலாக அட்டையைத் தரையில் விரித்தாள்.

மல்லாந்து படுத்தாள். கணக்கு சரி என்று தெரியும். ஆனால் காலையிலும் சரி என்று தெரிந்துதானே படுத்தாள். ஊசியைச் சுழியத்துக்குத் திருப்பி வைத்தாள். மேலே செருப்பைக் கழற்றுகிற சத்தம், வளையல்களைக் கழற்றுகிற சத்தம். வெளியாள் இருக்கும்போது அவை எதற்கு என்று கேட்க நினைத்து, வேண்டாம் என்று விட்டாள்.

தகடு சிறிய முனகலோடு தாழ்ந்தது. ஊசி கிளம்பிற்று. பத்தில் ஐந்து, ஆறு, ஏழைத் தாண்டி, எட்டைத் தாண்டி, ஒன்பதைத் தொடாமல் நின்றது. நின்றே நின்றது. அண்ணி ஊசியைப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள்.

"என்ன அண்ணி, சத்தத்தைக் காணோம்? இப்ப நான் எத்தனை கிலோவாம்?"

"அறுபத்தி நாலு."

"மூணு."

"தகடு நாலுங்குது."

நாத்தனார் இடுப்பைத் தடவிச் சாவிக்கொத்தை எடுத்துச் சித்தப்பாவின் பக்கம் வீசினாள். ஊசி ஒரு மயிரிழை பின்வாங்கிற்று. அண்ணி தரையில் படுத்தபடியே, முதுகில் தூசியோடு, வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த சிரிப்பு அது. சின்ன மாமாவுக்குச் சேர வேண்டியதும் அதில் இருந்தது.

பூங்காக்காரம்மாவுக்கு இந்த எடைப் பேச்செல்லாம் விளங்கவில்லை. அது பாடுமா என்று மட்டும் கேட்டாள். காலையில் நாத்தனார் ஒருமுறை காலால் உதைத்துப் பார்த்திருந்தாள். தகரத் தட்டு விழுந்த மாதிரி சளக் என்று கேட்டது, மெல்லிய தகட்டின் லட்சணம் இதுதான் என்று அப்போது சொல்லியிருந்தாள். இப்போது குதிகாலைத் தூக்கி, லேசாக ஒரு குதி குதித்தாள். தகடு அவளை வாங்கிக்கொண்டது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. வட்டமாக, கனமாக ஒரு நாதம் எழுந்து கூரைத் தகரத்தைத் தொட்டு இறங்கி, எந்திரங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் உலாவிவிட்டு அடங்கிற்று. ஓரம் பிடித்த தகடு சளசளக்காது என்று அண்ணி சொன்னது யார் காதிலும் விழவில்லை. பூங்காக்காரம்மா கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டாள். சிவப்புக் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நகருங்கள் என்று நாத்தனாரிடம் சொன்னாள். குதித்தாள். அவள் நாத்தனாரை விட ஒல்லி, ஆனால் குதித்தது உயரம். மறுபடியும் குதித்தாள். போக வேண்டிய மற்ற இடங்கள் எதுவும் அவளுக்கு அதற்குப் பிறகு நினைவு வந்ததாகத் தெரியவில்லை.

ஏழும் இதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிய பிறகுதான் வண்டி வந்தது. கணவன் மெல்ல இறங்கி, மெல்லக் கதவைத் திறந்து, தடித் தகட்டை இறக்குவதா வேண்டாமா என்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். திருப்பிக் கொண்டுபோய் வை அண்ணா என்றாள் தங்கை. அவன் முகம் மலர்ந்ததை அவள் கவனித்துவிட்டாள். போகும்போதாவது வேகமாகப் போ என்று சேர்த்துச் சொன்னாள்.

அன்றே பில் மேசைக்கு ஆள் தேட வேண்டும் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள். அதை அண்ணியிடம் நேராகச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளிடம் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. அண்ணியும் சுவரைப் பார்த்தே சரி என்றாள். ஜன்னலோர மேசையில் மீதி ஆறு தகடுகளுக்கும் தாள் விரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளியே சின்ன மாமா அடுத்த வளையத்துக்கு எஃகு தேடிக்கொண்டிருந்தார், இந்தத் தடவை எந்தப் பக்கம் தேய்க்க என்று இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

நாத்தனார் மட்டும் தகட்டை விட்டு நகரவில்லை. யாரும் பார்க்காதபோது இன்னொரு தடவை ஏறிக் குதித்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி, விளிம்புக்குப் பக்கமாகப் போய் நின்று குதித்தாள். வேறு மாதிரி ஒரு ஒலி வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். அங்கே நின்றபடியே ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, வர்ற புள்ளைங்க எல்லாம் நடுவுலயே வந்து குதிக்கும்னு யார் சொன்னது உங்களுக்கு?"